ஆற்றின் மகள் கதையும் எங்கள் மழைச்சோறும்

என் மகள் ராமநாதபுரம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். அவள் பரீட்சைக்குப் படிக்கிற கிரேக்க நாட்டுச் சாமி கதைகளைத் தமிழில் சொல்லுவாள். நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன்.

ஒரு கதையில் ஆறுதான் தகப்பன். அவனுக்கு ஏகப்பட்ட பெண்மக்கள், எல்லாரும் தண்ணீரில் வாழும் தேவதைகள். அதில் ஒருத்தியை அவர்களுடைய பெரிய சாமி தூக்கிப்போய் ஒரு தீவில் வைத்துவிட்டார். தகப்பன் தேடி அலைந்தான். மலைக்கோட்டை ராசா ஒருவன், "எங்க கோட்டைக்கு ஒரு ஊத்துக் குடு, சொல்றேன்" என்று ஊற்றை வாங்கிக்கொண்டுதான் வழியைச் சொன்னானாம்.

"நம்மூருக்காரன் மாதிரில்ல இருக்கான்!" என்று சிரித்தேன்.

தீவில் அவளுக்கு அந்தப் பெரிய சாமியால் ஒரு மகன் பிறந்தான். பிற்பாடு தேசமே காய்ந்து கிடந்தபோது, எல்லா ஊர்க்காரர்களும் அவனிடம் போய், நீ கேட்டால் உன் அப்பன் தருவார் என்று கும்பிட்டார்கள். அவன் மலையேறி நின்று வேண்டினான். மழை கொட்டியது.

அந்தக் கதையைக் கேட்ட வருடம் எங்களுக்கும் வானம் பொய்த்தது. புரட்டாசியில் விதைத்த நெல், கார்த்திகை பிறந்தும் நுனி கருகி நின்றது. "இன்னும் ஒரு வாரந்தான். அப்புறம் மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். எங்களுக்கு வருடச் சாப்பாடே அந்த நெல்தான். உத்தரகோசமங்கை அம்மனுக்கு விளக்குப் போட்டு அழுதேன்.

ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுப்பது என்று முடிவானது. வீட்டுக்கு வீடு உப்பில்லாச் சோறு வாங்கி, ஒன்றாகப் பிசைந்து, காய்ந்த கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தின்று, ஊரைவிட்டே போகிறோம் என்று சாமியிடம் ஒப்பாரி வைப்போம். எங்கள் தெருவுக்குச் சட்டி எடுத்தவள் நான்.

ஒரே ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். என் ஓரகத்தி வீடு, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு எங்களை நேரில் வந்து அழைக்கவில்லை என்று இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒரு வீட்டுச் சோறு குறைந்தால் என்ன என்று நினைத்தேன். சாமி கும்பிடுகிறவள் நினைக்கிற நினைப்பா அது?

கண்மாய்க் கரையில் மேலத்தெருச் சட்டிக்காகக் காத்திருந்தபோது, மகளை அந்தக் கதையைச் சொல்லச் சொன்னேன். முடித்ததும் எங்கள் தெரு மதினி ஒருத்தி கேட்டாள்.

"ஏத்தா, எல்லா ஊருமா போயிக் கேட்டாக? சண்டக்கார ஊரு?"

"அவுகளுந்தான் அத்தை. சேந்து போயித்தான் கேட்டாக."

மதினி என் பக்கம் திரும்பினாள். "அப்ப ஒன் ஓரகத்தி வீட்டுச் சோறு எங்கடி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கால் கூசியது.

ஓரகத்தி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, மழைச்சோறு..."

"ரெண்டு வருசங் கழிச்சு வாசல் தெரிஞ்சுச்சாக்கும்?" என்றாள். உள்ளே போய்ப் பெரிய கிண்ணத்தோடு வந்தாள். "காலையிலயே உப்புப் போடாம வடிச்சு வச்சுட்டு, சட்டி வரும் வரும்னு பாத்துக்கிட்டுக் கெடக்கேன். நான் கூப்புட வராதது தப்புத்தான். அதுக்காகச் சாமி சோத்துக்குமா வரமாட்ட?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாக்கா, ஒப்பாரிக்கு ஒன் தொண்டை வேணும்" என்றேன்.

வந்தாள். அன்றைக்கு அவள் வைத்த ஒப்பாரியில் எந்தச் சாமியும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் திருப்புல்லாணிப் பக்கம் கருத்தது. அரை மணிக்குள் அடித்துக் கொட்டியது. பொழுதடையும்வரை விடவில்லை. கண்மாய்க்குள் செந்தண்ணீர் புரண்டு வருவதைப் பார்க்கப் பெண்களெல்லாம் கரைக்கு ஓடினோம். குலவை போட்டோம். வயலிலிருந்து என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து வந்து, "பயிரு பொழச்சிருச்சு!" என்று கத்தினார்.

எனக்கு அழுகை முட்டியது. "போதும் தாயே, இது போதும்" என்று கையெடுத்தேன்.

ஓரகத்தி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "அடி கூறுகெட்டவளே, போதும்னு சொல்லாத! காதுல விழுந்து நிறுத்திப்புடப் போறா!"