காமரங்கா விக்கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு காமரங்கா மரம் நிற்கிறது. குறுக்கே வெட்டினால் துண்டு துண்டாக நட்சத்திரம் விழுமே, அந்தப் பழம். இலங்கை மலைநாட்டில், எங்கள் தெமோதரைப் பக்கம் அதை மருந்து என்றுதான் சொல்வோம். உடம்புச் சூட்டுக்கு அது, பித்தத்துக்கு அது, வறட்டு இருமலுக்கு அது. ராத்திரி குடித்துவிட்டு வந்து விழுகிறவர்களுக்கு மறுநாள் காலையில் பெண்டாட்டிமார் திட்டிக்கொண்டே பிழிந்து கொடுப்பதும் அதுதான். பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது நானும் மடியில் கட்டிக்கொண்டு போவேன். யாருக்கும் ஒரு தலைவலி கூட வந்ததில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். அவருக்குச் சீனி வியாதி. கிட்னியும் பலவீனமாகிவிட்டது என்று பதுளையில் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், வாழைப்பழம் வேண்டாம் என்றார்கள். நல்ல பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். காமரங்காயைத் தின்னலாமா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. மருந்தைத் தின்னலாமா என்று யாராவது கேட்பார்களா?

எங்களுக்கு ஒரே மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள்தான் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். காமரங்காயைச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் சீனி இறங்கிவிடும் என்று அதில் யாரோ ஒரு மனுஷன் அடித்துப் பேசினான். கூடவே இவளும் பேசி அனுப்பியிருந்தாள்.

"அப்பா, நம்ம மரத்துலயே கொட்டிக் கெடக்கு. தெனமும் குடிங்கப்பா. எனக்காகக் குடிங்க."

கிளினிக்கில் கொடுத்த குளிசையைப் போடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன், காதில் விழாது. மகள் ஒரு வார்த்தை சொன்னதும் விடிவதற்குள் மரத்தடியில் நின்றார். ஒரு பெரிய கோப்பை நிறையப் பிழிந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

எங்கள் வீட்டில் விக்கல் என்றால் அது மகள். அவள் குவைத்துக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். நினைக்கிறவர் பெயரைச் சொன்னால் நிற்கும் என்பார்கள் அல்லவா? இவர் வேறு யார் பெயரையும் சொல்லிப் பார்க்கவே மாட்டார். ஒவ்வொரு தடவையும் போன் எடுத்ததும் அவள் கேட்பாள். "அப்பாவுக்கு விக்கல் எடுத்துச்சா? நான்தான் நெனச்சேன்."

சாறு குடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் அவருக்கு விக்கல் வந்தது. நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"நிப்பாட்டாத புள்ள. அவ நெனச்சுக்கிட்டு இருக்கா."

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "மகராசன், இன்னிக்கு மகளுக்கு வேற வேலையே இல்ல போல" என்று கேலி செய்தாள். அவருக்கு அப்படி ஒரு பெருமை. விக்கிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன்.

விடிந்தும் விக்கல் நிற்கவில்லை. குடித்த தேத்தண்ணியை வாந்தி எடுத்தார். நான் சீனியைக் கொடுக்கப் போய், ஐயோ, சீனி வியாதிக்காரர் ஆயிற்றே என்று தேனைத் தேடி, அதுவும் ஆகாதே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மத்தியானம் என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அக்காதான் ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தாள். பதுளை போய்ச் சேரும்வரை வளைவுக்கு வளைவு அந்த விக்கல்.

ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஒரு டாக்டரம்மா இருந்தார். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"காமரங்கா ஏதும் சாப்பிட்டாரா?"

தினமும் ஒரு கோப்பை சாறு குடித்தார் என்றேன். நல்ல உடம்புக்கு அது ஒன்றும் செய்யாதாம். கிட்னி கெட்டவர்களுக்கு அதில் உள்ள நஞ்சு வெளியே போகாமல் மூளைக்கு ஏறிவிடுமாம்.

"மொத அடையாளமே விக்கல்தான்மா. வந்த ஒடனே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"நாங்க வேற மாதிரி நெனச்சுட்டோங்க" என்றேன்.

மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆள் தப்பினார். கிட்னி தப்பவில்லை. நினைவு தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் பேச்சு, "புள்ளகிட்டச் சொல்லிறாத" என்பதுதான். தெரிந்தால் தாங்கமாட்டாள். யாரோ ஒருவர் வீட்டில், கட்டிப்பிடித்து அழக்கூட ஆள் இல்லாமல், அப்பாவை நான்தான் கெடுத்தேன் என்று புழுங்கிச் சாவாள். சீனி கூடிவிட்டது என்று மட்டும் அவளுக்குச் சொல்லி வைத்தோம்.

மரத்தை வெட்டச் சொல்லி நான் லயமே அதிரச் சத்தம் போட்டேன். பழம் என்ன பாவம் செய்தது என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். இப்போது கிட்னி வருத்தக்காரர் உள்ள வீடுகளுக்கெல்லாம் நானே போய்ச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர், மருந்தைப் போய்க் குறை சொல்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அவர் இன்னமும் மெஷினுக்குப் போய்வருகிறார். மறுபடி விக்கல் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதே என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, கிளினிக் பை கதவோரம் ஆணியிலேயே தொங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்றேன். வாசலில் அவர் விக்குவது கேட்டது. ஒன்று. இன்னொன்று. கறிச்சட்டியை அப்படியே போட்டுவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

வாசல்படியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், பேசாதே என்று கையைக் காட்டினார். பிறகு வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இன்னொரு தடவை பொய்யாக விக்கினார்.

"எடுக்குதும்மா. இந்தா, கேட்டியா? நிக்கவே மாட்டேங்குது."

அந்தப் பக்கம் மகள் சிரிப்பது எனக்கும் கேட்டது. நான் பையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.