அக்கா வராமல் போன நாள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலருக்கு அவர் திண்டிவனம் டாக்டரம்மா. சிலருக்குச் சட்டமன்ற உறுப்பினர். வெளிநாட்டில் இந்தியத் தூதராக இருந்ததைச் செய்தித்தாளில் படித்தவர்களும் உண்டு. தம்பியான நான் அவருடன் ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மயிலத்தை அடுத்த சிற்றூரில், நெல்லும் மல்லாட்டை எனும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தினமும் பேருந்தில் திண்டிவனம் போய்ப் பள்ளிப்படிப்பை முடித்தார். சென்னையில் மருத்துவம் பயின்றார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, நிலம் என் பொறுப்பாயிற்று. அக்கா அரசு மருத்துவமனையில் சில காலம் பணிபுரிந்து, பிறகு திண்டிவனத்திலேயே கிளினிக் வைத்தார். திருமணம் வேண்டாம் என்றார். அம்மா கேட்பதை மட்டும் நிறுத்தவே இல்லை.

தேர்தலில் நிற்கும்படி கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். அனந்தபுரம் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் ஒரு கர்ப்பிணியின் கால் வீக்கத்தைப் பார்த்ததும் பிரசாரத்தை அங்கேயே நிறுத்தினார். ஜீப்பில் அந்தப் பெண்ணை ஏற்றித் தானும் மருத்துவமனைக்குப் போய்விட்டார். கூடப் போன கட்சிக்காரர்களும் நானும் வெயிலில் நடந்து திரும்பினோம். அந்தத் தேர்தலில் ஜெயித்தார், அடுத்ததில் தோற்றார். தோற்ற மறுநாள் காலை கிளினிக்கைத் திறந்துவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து, கடலோரச் சிறுநாடு ஒன்றுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அப்போதுதான் அம்மாவுக்கு முடியாமல் போனது. உடனே புறப்பட்டு வரச் சொல்லிப் போன் செய்தேன்.

“மரக்காணம் பக்கத்து மீனவருங்க கடல் எல்லை தாண்டிட்டாங்கன்னு இங்க ஜெயில்ல இருக்காங்கடா. அம்மாவுக்கு நீ இருக்கற. இவங்களுக்கு யாரு இருக்காங்க, சொல்லு” என்றார்.

பதவி வந்தால் பெற்றவள்கூடப் பாரமாகிவிடுவாளா என்று கேட்டுப் போனை வைத்தேன். மறுநாள் அம்மா போய்விட்டார். அக்கா வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தோம். அவர் எதுவும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பி, மறுபடி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியபோதும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு நாள் மரக்காணத்து மீனவர் ஒருவர் மனைவியுடன், கருவாட்டுப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். டாக்டரம்மாவின் தம்பி வீடு இதுதானே என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“காலு வீங்கி ஜுரத்துல கெடந்தேங்க. ஜெயில்ல மாத்திரைய குடுத்துட்டு வுட்டுட்டாங்க. டாக்டரம்மா வந்து பாத்தாங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா ஆளு தங்க மாட்டான்னாங்க. அந்த ஆபீசருங்க ஒத்துக்கல. என்ன பெஞ்சுல படுக்க வச்சிக்கினு பக்கத்துலயே ஒக்காந்துட்டாங்க. மத்தியானம் ஒரு போன் வந்துச்சு. வெளிய போனாங்க. மூஞ்சக் கழுவிக்கினு வந்து மறுபடியும் என் நாடியப் புடிச்சாங்க. எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலங்க. பெரியம்மா தவறுன சேதி அதுன்னு ஊருக்கு வந்துதான் தெரிஞ்சுது.”

பிற்பகலில் ஆம்புலன்ஸ் வந்த பிறகே அக்கா அங்கிருந்து எழுந்தாராம். மீனவரின் கால் பிழைத்தது. கூட இருந்தவர்களும் சில வாரங்களில் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாளே கிளினிக்குக்குப் போய் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு என்ன பண்ணுது?”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா. தப்பாப் பேசிட்டேன்.”

“கைய நீட்டு, பிரஷர் பாக்கறேன்” என்றார். பட்டையைச் சுற்றியவர் கையை விடவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் அன்று கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

பின்னாளில் தன் சிறுநீரகம் பழுதானபோது அக்கா ரிப்போர்ட்டைத் தானே படித்து, இனி எங்கும் அலைக்கழிக்க வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில், ஒரு காலைப் பொழுதில் அமைதியாகக் கண்மூடினார்.

கடைசி மாதங்களில் உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், விழுப்புரத்திலிருந்து வாரந்தோறும் வந்து பார்த்த இளைய மருத்துவருக்கும், மரக்காணத்திலிருந்து வந்து தோள் கொடுத்த குடும்பங்களுக்கும், துயரத்தில் பங்குகொண்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அம்மாவின் கடைசி நாளை என்னை நம்பி விட்டதற்கு.