பிறந்ததும் ஊற்றிய தண்ணீர்

தொண்டூரில் முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். என் கையில் பிறந்தவர்களே இன்று பிள்ளை பெறுகிறார்கள். அப்படிப்பட்ட என்னை விட்டுவிட்டு, போன வருடம் வந்த சின்னப் பெண் நர்ஸ் வசந்தாவை ஊரே கூப்பிட ஆரம்பித்தது. வெளிநாட்டு டாக்டர்களும் நம் சர்க்காரும் சேர்ந்து செஞ்சியில் அவளுக்குப் பயிற்சி கொடுத்து, பிரசவப் பெட்டி ஒன்றும் தந்திருந்தார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மார்கழியில் பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு வலி கண்டது. "நர்ஸம்மாவக் கூப்டலாமா?" என்று அவள் மாமியார் கேட்டாள்.

"இன்னாத்துக்கு? நான் செத்தா பூட்டேன்?" என்று அவள் வாயை அடைத்தேன்.

விடிந்ததும் குறைமாதப் பெண் குழந்தை பிறந்தது. வழக்கம்போல உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவி முறத்தில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது சில்லிட்டு நீலம் பாய்ந்தது. அழுகையும் நின்றது. ரோஷத்தை விட்டு நானே ஓடிப்போய் வசந்தாவைக் கூட்டி வந்தேன்.

"பொறந்ததும் குளிப்பாட்டுனியா ஆயா? சூடெல்லாம் பூட்சே!" என்றபடி ஈரத்தைத் துடைத்து, குழந்தையை அஞ்சலையின் வெறும் மார்பில் கிடத்திப் போர்த்தினாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளை இப்படித்தான் காப்பாற்றுகிறார்களாம். மதியத்துக்குள் குழந்தை சிவந்து, பாலுக்கு வாய் தேடியது.

அதற்கு வசந்தா என்றே பெயர் வைத்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் வலி கண்டதுமே அவளுக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். பிறந்த அன்று தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனால் அவள் வந்து சேர்வதற்குள் நானே குழந்தையைத் துடைத்து, தாய் மார்பில் போட்டு மூடிவிடுவேன். அவள் சொல்லித்தான் செய்தேன் என்று யாரும் பேசிவிடக் கூடாது பாருங்கள்.