“எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க”

என் மகள் ரூபி சோற்றுத் தட்டைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தது போன வருஷம் மாங்காய் சீசனில். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். பேதியில் ரத்தம். சாயங்காலமானால் காய்ச்சல். யூனிஃபார்ம் இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்தி அனுப்பினேன். பெற்றவளுக்கு அது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அரூரில் காட்டினோம், பிறகு தர்மபுரியில், கடைசியாகச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா குடலில் புண் என்றார். குடல் டிபியாக இருக்கலாம், க்ரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம், இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி என்றார். முதலில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் தின்றாள். மூத்திரம் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். புண் ஆறவில்லை. குடல் சுருங்கிக்கொண்டே வந்தது.

“அடைச்சுக்கிச்சுன்னா வெட்டி எடுக்கணும்மா” என்றார் டாக்டரம்மா. “க்ரோன்ஸுக்கு மருந்து இருக்கு. ஆனா அது எதிர்ப்புச் சக்தியக் குறைக்கும். உள்ள டிபி இருந்து நான் அதக் குடுத்துட்டா புள்ள தாங்காது. குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? இருந்தா முடிவெடுக்க எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.”

என் வீட்டுக்காரர் தாவீது யோசிப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க.”

நானும் தலையாட்டினேன். நாத்தனார் செல்வராணிக்கு அடிக்கடி தொக்கம் விழும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தின்றது குடலில் சிக்கிக்கொண்டது என்பார்கள். இண்டூர்ப் பக்கம் தொக்கம் எடுக்கிற ஒரு அம்மாவிடம் போய் எடுத்துக்கொண்டு வருவாள். தொக்கத்தைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? எங்கள் பக்கம் அது வியாதிக் கணக்கிலேயே வராது.

எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. தாவீதுக்கு என்னைக் கொடுத்து, அவர் தங்கை செல்வராணியை என் அண்ணன் சாமுவேலுக்கு எடுத்தார்கள். அவளும் என்னை அண்ணி என்பாள், நானும் அவளை அண்ணி என்பேன். பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கும். சிரிப்பெல்லாம் சரி, அங்கே ஒரு கல்யாணம் ஆடினால் இங்கே இன்னொன்றும் ஆடும்.

ஒரு வாரம் பார்ப்போம், அதற்கு மேல் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். காரிமங்கலத்திலிருந்து செல்வராணியும் வந்திருந்தாள். அழகாக ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. “ஆண்டவரே, அந்த டாக்டரம்மாவுக்கு வழி காட்டும். இல்லன்னா எம்புள்ளைய எடுத்துக்கும். இப்படி இழுத்தடிக்காதீர்” என்று கத்திவிட்டேன். பாஸ்டரம்மா முகம் சுளித்தார். சுளிக்கட்டும். நான் வேறு யாரிடம் கத்துவேன்?

அப்புறம் எல்லோரிடமும் விவரத்தைச் சொன்னேன். டிபியா க்ரோன்ஸா என்று தெரியவில்லை, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார் என்றேன். ரூபிக்கு டிபி என்றுதான் அதுவரை செல்வராணி நம்பியிருந்தாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆமென் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ரூபியைச் சேர்த்தோம். டாக்டரம்மா படுக்கையருகே நின்றிருந்தபோது செல்வராணி உள்ளே வந்தாள். பின்னால் என் அண்ணன், ஒன்றும் புரியாத முகத்தோடு. மாமியார் பதறி எழுந்தார். “நீ எதுக்குடி வந்த? வூட்டுக்குப் போ.”

செல்வராணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்கு இருக்குதுங்க” என்றாள் டாக்டரம்மாவிடம். “கல்யாணத்துக்கு முன்னாடியே பெங்களூர்ல பாத்து, க்ரோன்ஸுன்னுதான் சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா ரெண்டு கல்யாணமும் நின்னுரும்னு அம்மா சொல்ல விடல. மாத்திரைய ஒளிச்சு வெச்சுத் தின்னேன். ரத்தம் போறப்பல்லாம் தொக்கம்னு சொல்லிக்கிட்டேனுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. மாமியாரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அண்ணன் வெளியே போய்விட்டார். முடிந்தது, இரண்டு வீடும் போயிற்று என்று நினைத்தேன்.

“இத மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன்” என்றார் டாக்டரம்மா. “ஆனா டிபி மருந்து கேக்கல, கிருமியும் அகப்படல, இப்ப அத்தைக்கும் இருக்கு.” குடலில் எடுத்த சதையை மறுபடி பார்க்க அனுப்பினார். க்ரோன்ஸ்தான் என்று முடிவாகி, அந்த வாரமே மருந்து மாறியது.

“எங்க ரத்தந்தான் கெட்டதுங்களா?” என்று மாமியார் அழுதார்.

“கெட்ட ரத்தம்னு ஒண்ணும் இல்லீங்க. நோய் அப்படியே இறங்கி வராது. நோய்க்கு எடங்குடுக்கற வாகுதான் ஜீன்ல வருது. அதுவும் ஒரு ஜீன் இல்ல, பலதும் சேந்து. அது இருக்கற வூட்லயும் நெறையப் பேருக்கு நோய் வராமலே போயிரும். சொல்லிட்டீங்கன்னா, வர்றவங்களுக்குச் சீக்கிரம் கண்டுபுடிக்கலாம். அப்புறம், சொந்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்பக் கட்டாதீங்க.”

ரூபியைச் செல்வராணியின் மகனுக்குக் கொடுப்பதாக மாமியார் அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்திருந்தார். படுத்திருந்த ரூபி, “அப்பாடா, தப்பிச்சேன்” என்றாள். அந்தக் குரலில் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

வெளியே வராண்டாவில் அண்ணன் கையில் டம்ளரோடு நின்றிருந்தார். எங்கும் போகவில்லை. செல்வராணியிடம் நீட்டினார்.

“கட்டங்காப்பிதான். ஒனக்குப் பால் சேராதுன்னு தெரியும். ஏன்னுதான் இத்தன வருசமாத் தெரியல. குடி.”

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

வியாதி அடியோடு போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. ரூபி மாத்திரை சாப்பிடுகிறாள், செக்கப்புக்குப் போகிறாள். ஆனால் இந்த மாங்காய் சீசனில் அவள் எடை கூடியிருக்கிறாள், பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். நான் டாக்டரம்மாவுக்குத்தான் வழி கேட்டேன். ஆண்டவர் என் நாத்தனாருக்குத் தைரியம் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம். நம்பிக் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் அவர் தள்ளிவிட மாட்டார். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் உள்ளதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை செல்வராணி எழுந்து தன் வியாதியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டாள். கடைசி வரிசையில் கல்யாணமாகாத ஒரு பெண், “எனக்கும் அப்படித்தாங்க ரத்தம் போவுது” என்று முனகினாள். என் மாமியார்தான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மறைக்காத கண்ணு. எந்த டாக்டருன்னு நாஞ் சொல்றேன்.”