வாழை மரம் குடித்த பால்

வெயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். சித்தாளாகக் கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இன்று முதலியார்பேட்டையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் கட்டின வீடு ஒன்றாவது நிற்கும்.

அப்படிப்பட்டவனிடம், எடை குறைய வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, வாரம் ஒரு பாக்கெட் பொடியைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். வைட்டமின் டியாம். வெயிலில் கிடைக்கிற சத்தாம்.

"வெயில பாக்கெட்ல போட்டு எனக்கே குடுக்கறீங்களா?" என்றேன். வார்டே சிரித்தது.

ஞாயிறுதோறும் என் மனைவி கலந்து வைப்பாள். நான் கொல்லைப் பக்கம் போய் வாழைக்கு ஊற்றிவிட்டு வருவேன்.

"குடிச்சிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

உடம்பு இளைத்தது. சட்டையெல்லாம் தொளதொளத்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். பிறகு தொடையில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. ஒருநாள் வேலை நடக்கிற இடத்தில் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போய், என் ஆட்களே இரண்டு பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னைக் கேட்கவில்லை. என் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பொடிய ஒழுங்கா குடுக்கறீங்களா, இல்லையா? ரத்தத்துல சத்தே இல்லியே!"

"வாராவாரம் என் கையாலதாம்மா கலக்குறேன்." அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "பால் சூடா இருந்து பொடியோட சத்து கெட்டுப்போச்சோ என்னமோ..."

தன்னிடம் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நாற்பது ஆளை அதட்டி வேலை வாங்கினவன் நான். சும்மா இருந்தால் பழி அவளோடு போய்விடும். இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதைச் சொல்லத்தான் இன்றும் கூசுகிறது.

"அவ மேல தப்பில்லம்மா. நான்தான் வாழைக்கு ஊத்திட்டேன். வெயில்ல நின்ன உடம்பாச்சேன்னு..."

"வயித்த சின்னதாக்கிட்டோம் ஐயா. சத்து முன்ன மாதிரி உடம்புல ஏறாது. வெயில மட்டும் நம்ப முடியாது."

"எந்த வெயிலு?" என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல். "குடைக்குக் கீழ சேர் போட்டு உக்காந்து எத்தினி வருசமாச்சு! வாழைக்குத்தான் இப்ப எலும்பு கெட்டியா இருக்கும்."

நர்சு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் பாலை வைத்தாள். குடித்தாச்சா என்று கேட்கவில்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரைச் சமையலறைக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன்.

"எனக்கு எதுக்குக் காட்டுறீங்க? ரத்தத்துல காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.