நேசம்மாளின் சும்மா இராத கை

நேசம்மாள் டீச்சருக்குக் கோணல் தையலைக் கண்டால் கை சும்மா இருக்காது. கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, அவள் முன்னால் நிற்பவரின் காலரைக் கண்ணாலேயே பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஊர் குழித்துறை. சித்திரை பிறந்தால் கன்னியாகுமரிக் கடற்கரையில் மிஷன் நடத்தும் கோடை முகாமுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போவாள். பிள்ளைகள் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்து, கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டு வர வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் பிள்ளைகள் ராஜகுமாரர்களாக வந்து நின்றார்கள். முகாமை நடத்தும் வெள்ளைக்கார மதாமா ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றையும் திருப்பினாள். எல்லாம் ஒரே கை.

"அடுத்த ஆண்டு உமது கை பட்டால், அப்புறம் நீர் வேண்டாம்" என்றாள். வேதபுத்தகத்தில் தமிழ் படித்தவள். வைதாலும் ஆசீர்வாதம் மாதிரி இருக்கும்.

முகாம் போனால் நேசம்மாளுக்கு வருஷம் முழுக்கத் தம்பி வீட்டு அடுப்பங்கரைதான். அந்த ஒரு மாதம்தான் உலகம் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது.

ஆகவே மறுவருஷம் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரசலையன் என்ற பயல் கழுத்து வெட்டாமலே சட்டை தைத்துவிட்டான்.

"டீச்சர், தலை போகமாட்டேங்கு."

"தலையை எதுக்கு மக்கா கொண்டுவந்த? வீட்டில வச்சிட்டு வரப்பிடாதா?"

தொல்லை எலிசாவால் வந்தது. கூட்டத்தில் பெரியவள், அக்காமார் கழித்துப் போட்டதைத் தவிர வேறு உடுத்தி அறியாதவள். சொன்னதையெல்லாம் கேட்டாள். சனிக்கிழமை நேசம்மாள் அவள் பாவாடையின் மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். அரிசி பதித்ததுபோல் ஒரே அளவுத் தையல். சாட்சாத் நேசம்மாள் கை. மதாமா எப்படி நம்புவாள்?

"ஏட்டி, நாலு தையலாவது கோணலாப் போடு."

"நேராப் போடச் சொன்னது நீங்கதானே டீச்சர்?"

"நான் சொன்னதெல்லாம் கேக்கணுமாட்டி?"

எலிசா குளிக்கப் போன சமயம் நேசம்மாளே ஊசியை எடுத்தாள். நாலு தையலைப் பிரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோணலாகப் போட்டாள். பார்த்தால் நேராக இருந்தது. மறுபடி போட்டாள். அதுவும் நேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரசலையன் ஒரு தோளில் தலை முளைத்தவனாக வந்தான். மதாமாவுக்கு வெகு சந்தோஷம். எலிசாவின் மடிப்பைத் திருப்பியதும் முகம் இருண்டது.

"இது யாருடைய கை?"

நேசம்மாள் வாய் திறக்குமுன் எலிசா முந்திக்கொண்டாள். "எனக்க கைதான். ஊசி தாருங்க."

மதாமாவின் கைக்குட்டையை வாங்கி, அத்தனை பேர் பார்க்க ஓரம் மடித்துத் தைத்தாள். அரிசி அரிசியாக விழுந்தது.

"மிக நன்று" என்றாள் மதாமா. "அடுத்த ஆண்டு இவளே கற்பிக்கட்டும். உமக்கு ஓய்வு."

பிள்ளைகளுக்குப் பதில் தானே தைத்த வருஷம் போகாத வேலை, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த வருஷம் போயிற்று. நேசம்மாள் கைக்குட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

வாசலில் ரசலையன் நின்றிருந்தான். எலிசாவின் கை தானாக அவன் கழுத்துத் தையலுக்குப் போனது. நேசம்மாள் அதைத் தட்டிவிட்டாள்.

"கைய எடுங்க, டீச்சர்" என்றாள் எலிசாவிடம்.