தலைவர் பேசாத பேட்டி

தெருச் செய்தி சேகரிப்பது என்றால், அடுத்தவர் சண்டைக்கு மைக் பிடிக்கிற வேலை. குடியிருப்போர் சங்கம் உள்ள தெருவில் குடியிருந்து நொந்துபோன சக பாவிகளே, இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, கட்டாயம் தருவேன். ஆனால் இப்போது இல்லை. நான் சிரிக்கவே இரண்டு நாள் ஆச்சு. முதலில் அதிர்ச்சிகளை வாங்கிக்குங்க.

வராத குரல்

எங்கள் சாரம் பகுதியில் செல்வம் அண்ணன் கைப்பேசியிலேயே ஒரு செய்தி சேனல் நடத்துகிறார். பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் நான்தான் அங்கே எடிட்டிங். சண்டைச் செய்தி என்றால் இரண்டு தரப்பும் வாட்ஸப்பில் குரல் அனுப்பணும்; ஒன்று குறைந்தாலும் அண்ணன் போட மாட்டார்.

எங்கள் தெரு வேப்பமரத்தடியில் ஏழுமலை அண்ணனின் இஸ்திரி வண்டி நிற்கிறது. சங்கத் தலைவர் லூயி சார், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், காரைத் திருப்ப முடியவில்லை, சனிக்கிழமைக்குள் வண்டியை எடுக்கணும் என்று நோட்டீஸ் ஒட்டினார். வண்டி இருக்கணும் என்று சங்கச் செயலாளர் கோமதியம்மா குரல் அனுப்பினார். தலைவர் அனுப்பவே இல்லை. "வேற எடம் கெடையாதுங்க, பொழப்பே போயிடும்" என்று ஏழுமலை அண்ணன் ஆபீசுக்கே வந்து நின்றார். செல்வம் அண்ணன் தலையைச் சொறிந்தார்: "தலைவரு வாயத் தொறக்காம நான் என்னாய்யா பண்றது?"

தொறந்தேன்

பால்காரர், கணக்கு டீச்சர், எங்கம்மா என்று எல்லோர் குரலும் எனக்கு வரும். லூயி சார் ரொம்பச் சுலபம். பாதி மூக்கு, பாதி தொண்டை. "வண்டி அங்கியே நிக்கட்டும்ப்பா. ஏழைப் பொழப்பு. வுவாலா!" என்று, அவர் எதற்கும் கடைசியில் சொல்கிற 'அவ்வளவுதான்' பிரெஞ்சையும் சேர்த்துப் பேசி, 'தலைவர்' என்று பெயர் போட்டு கம்ப்யூட்டரில் வைத்தேன். அண்ணன் கேட்டுவிட்டுச் சிரிப்பார், அழித்துவிடலாம் என்று நினைப்பு.

மோர் குடித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் அதை நிஜமென்று நம்பி செய்தியில் போட்டுவிட்டார்! உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்: "அந்த மனுஷனுக்குள்ள இவ்ளோ ஈரமா பாப்பா!"

மாலை மரியாதை

மறுநாள் காலை ஏழுமலை அண்ணன் லூயி சார் கழுத்தில் மாலையே போட்டுவிட்டார். தெருவே கைதட்டியது. மனுஷன் கத்தப்போறாரு என்று எங்கள் வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் ஒடுங்கினேன். அவரோ மாலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கும்பிட்டார். தன் பழைய மீட்டிங் பேச்சை செல்வம் அண்ணன் வெட்டி ஒட்டிவிட்டதாக அவருக்குச் சந்தேகம் என்று அப்புறம் தெரிந்தது. ஆனாலும் மாலையைக் கழற்றவில்லை.

அதைவிடப் பேரதிர்ச்சி, இரண்டு மாசமாக வண்டிக்காகப் போராடிய கோமதியம்மாவிடமிருந்து வந்த புதுக் குரல்: "கத்துனது நானு, மாலை அவருக்கா? சனிக்கிழமை அந்த வண்டிய நானே தள்ளி வுடறேன், போட்டுக்கோங்க செய்தி!"

போனில் யார்?

வெள்ளிக்கிழமை லூயி சார் செல்வம் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் போனை ஆபீசிலேயே மறந்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. லூயி சார்! பழக்கதோஷம், அண்ணன் குரலிலேயே எடுத்துவிட்டேன்: "வணக்கம் சார், செல்வம் பேசறேன். அந்தப் பேட்டில ஒரு வெட்டு கூட கெடையாது சார், சத்தியமா நீங்க பேசுனதுதான்."

லூயி சார் மெதுவாகச் சொன்னார்: "செல்வம் என் எதுர்ல காபி குடிச்சிட்டு இருக்காரேம்மா, அவரு போன் எங்கன்னு தேடத்தான் அடிச்சேன். அப்போ என் கொரலும் நீதானா? சரி, மாலை வாங்கிட்டேன், இனி வண்டி போனா எனக்குத்தான் கேவலம், போன வெக்காத. கோமதியம்மா கொரல்லயும் 'வண்டி இருக்கட்டும்'னு ஒண்ணு பேசிக் குடு, நாளைக்கு சனிக்கிழமை!"

வண்டி மரத்தடியிலேயே நிற்கிறது, ஆனால் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டதால் எங்கள் தெருவில் யாராவது சமாதானமாகப் பேசினால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.